பதினேழு ரன் வரை தோற்கலாம்

எழுதிப் பிழைக்கிறவனுக்கு உறவினர்கள் மத்தியில் ஒரு விசித்திரமான மதிப்பு உண்டு. கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் வேண்டுமா, கூப்பிடு அவனை. பாகப் பிரிவினையில் அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசவில்லையா, கூப்பிடு அவனை. கதையில் வருகிற மனிதர்களுக்கெல்லாம் நல்ல வழி காட்டுகிறவன் நிஜ மனிதர்களுக்கும் காட்டிவிடுவான் என்று எப்படியோ ஒரு நம்பிக்கை. என் கதைகளில் வருகிறவர்களே நான் சொன்னபடி கேட்டதில்லை என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது.

2024-ஆம் வருஷம் மே மாதம் உத்திரமேரூரிலிருந்து எனக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவன் என் சித்தப்பாவின் மகன். "அண்ணா! பையன் விஷயமா நீங்க ஒரு நடை வந்துட்டுப் போகணும். நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கறான். நீங்க சொன்னா கேப்பான்" என்றான் டெலிபோனில்.

விஷயம் இதுதான். பையனுக்கு வயது 26. கணக்கில் பட்டம் வாங்கியவன். ஐந்து வருஷமாகச் சர்க்கார் குமாஸ்தா உத்தியோகத்துக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு தடவை எழுதினான். இரண்டு தடவையும் தவறிவிட்டது. கடைசித் தடவை ஒரே ஒரு கேள்வியில் போயிற்றாம். மூன்றாவது பரீட்சை ஜூன் 9-ஆம் தேதி. இதற்கிடையில் ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. ஆனால் வருகிற திங்கட்கிழமையே சேர்ந்தாக வேண்டும். முதல் மூன்று மாதத்துக்கு லீவு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. ராத்திரி ஷிப்டு, பகல் ஷிப்டு என்று மாற்றி மாற்றி வரும். அதற்கு நடுவில் படிப்பாவது, பரீட்சையாவது! வேலையா, பரீட்சையா என்று இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும். பரீட்சையை விட்டுவிடு என்று பையனிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். மே 18-ஆம் தேதி. அக்கினி நட்சத்திரம் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்துகொண்டிருந்தது. பையனிடம் என்னென்ன சொல்வது என்று பிரயாணம் முழுவதும் யோசித்து ஒரு சிறு பிரசங்கமே தயார் செய்திருந்தேன். அதில் உருக்கம் இருந்தது, உவமானம் இருந்தது, நடுவில் ஒரு குட்டிக் கதையும் இருந்தது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்தேன். டீ முடிவதற்குள் தெரிந்துவிட்டது, தப்பான நாளில் வந்துவிட்டோம் என்று. கடையில் இருந்த அத்தனை பேரும் பதினெட்டு, பதினெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நெல் விலையா, தங்கம் விலையா என்று முதலில் புரியவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: அன்று இரவு சென்னைக்கும் பெங்களூருக்கும் கிரிக்கெட் ஆட்டம்.

கிரிக்கெட்டில் பற்றில்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பற்றுள்ளவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போய்விடலாம். ஐ.பி.எல். பந்தயத்தில் 10 கோஷ்டிகள். ஒவ்வொன்றும் 14 ஆட்டம் ஆட வேண்டும். ஜெயித்தால் 2 புள்ளி; மழையினால் ஆட்டம் நின்றால் ஆளுக்கு 1 புள்ளி. முதல் நாலு இடத்துக்குள் வருகிறவர்களுக்குத்தான் மேல் சுற்று. அன்றைக்குக் கல்கத்தாவும் ராஜஸ்தானும் ஹைதராபாத்தும் மூன்று இடங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. மிச்சம் ஓர் இடம். அதற்குத்தான் இந்தச் சண்டை. சென்னைக்கு 14 புள்ளி; பெங்களூருக்கு 12. சென்னை ஜெயித்தால் சென்னை. மழை வந்தாலும் சென்னை. பெங்களூர் ஜெயித்தால் இரண்டு பேருக்கும் 14. அப்போது 'நெட் ரன் ரேட்' என்று ஒன்றைப் பார்ப்பார்கள். இது நம் வீட்டு வரவு செலவு மாதிரிதான். பருவம் முழுவதும் ஓவருக்கு எத்தனை ரன் எடுத்தோம், ஓவருக்கு எத்தனை ரன் கொடுத்தோம், கழித்தது போக மிச்சம் எவ்வளவு? அந்த மிச்சம் சென்னைக்கு 0.528, பெங்களூருக்கு 0.387.

சித்தப்பா வீட்டில் திண்ணை இன்னும் இருக்கிறது. தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் திண்ணையை இடித்து மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் பண்ணிவிட்டார்கள். சித்தப்பா சம்மதிக்கவில்லை. அவருக்கு வயது 82. அதனால் தெருவில் எந்த மகாநாடு நடந்தாலும் அது அங்கேதான் கூடும். நான் போய்ச் சேர்ந்தபோது மகாநாடு உச்ச கட்டத்தில் இருந்தது.

மேல் தெரு தையற்கடைக்காரர் நம்பிக்கைக் கட்சி. "மார்ச் 22-ஆம் தேதி சேப்பாக்கத்துல இதே பெங்களூரை ஆறு விக்கெட்ல ஜெயிச்சோமா இல்லையா? 2010-ல தர்மசாலாவுல கடைசி ஓவர்ல 16 ரன் வேணும்னப்ப தோனி அடிச்சாரா இல்லையா? அந்த வருஷம் கோப்பை யாருக்கு?" என்று கேள்வி மேல் கேள்வியாகப் போட்டார். அவருடைய வாதம் முழுவதும் கேள்வியாகவே இருக்கும். பதில் சொல்ல யாருக்கும் இடைவெளி கிடைக்காது.

தபாலாபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர் ஒருவர் அவநம்பிக்கைக் கட்சி. அவர் நிதானமாகப் பேசினார். "முதல் எட்டு ஆட்டத்துல ஏழு தோத்தவன் பெங்களூர்க்காரன். அப்புறம் வரிசையா அஞ்சு ஜெயிச்சிருக்கான். நீ அஞ்சு கோப்பை வாங்கினவன். போன வருஷம் கூட வாங்கினே. அவன் ஒண்ணு கூட வாங்காதவன். பசியோட வர்றவன்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும். பதிரானாவுக்குக் காயம், முஸ்தாபிசூர் ஊருக்குப் போயிட்டான். கடைசி நாலு ஓவரை யார் போடப் போறா?"

"அவங்களுக்கு மட்டும் யார் போடுவா? யஷ் தயாள்தானே? போன வருஷம் ஆமதாபாத்துல ரிங்கு சிங் கிட்டக் கடைசி ஓவர்ல அஞ்சு சிக்ஸர் வாங்கினவன்தானே?" என்றார் தையற்கடைக்காரர்.

"அடி வாங்கினவன் அதை மறந்திருக்க மாட்டான்" என்றார் தபால்காரர்.

கையில் ஒரு பழைய காலண்டர் தாளை வைத்துக்கொண்டு, இந்த இரண்டு கட்சியிலும் சேராமல் உட்கார்ந்திருந்தான் பையன். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க பெரியப்பா" என்று இடம் விட்டான். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே அவன் உடனே கணக்குக்குப் போய்விட்டான்.

"பாருங்க பெரியப்பா. ரெண்டு பேருக்கும் வித்தியாசம் 0.141. இதுவரைக்கும் 13 ஆட்டம் ஆயிருக்கு. பெருக்கினா 1.833. அவங்க எவ்வளவு ஏறுவாங்களோ அவ்வளவு நாம இறங்குவோம். அதனால பாதி போட்டாப் போதும், 0.9165. ஒரு இன்னிங்ஸுக்கு 20 ஓவர். பெருக்கிப் பாருங்க, சுமாரா 18. அவங்க முதல்ல ஆடி 200 அடிச்சாங்கன்னா 18 ரன்ல ஜெயிக்கணும். பின்னால ஆடினாங்கன்னா 18.1 ஓவருக்குள்ள அடிச்சு முடிக்கணும். இல்லேன்னா நாமதான்."

சித்தப்பா அதுவரை கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று கண்ணைத் திறந்து, "தோத்தாலும் உண்டுங்கறியா?" என்று கேட்டார்.

"உண்டு தாத்தா."

"எவ்வளவு தோத்தாப் போதும்?"

திண்ணை பூராவும் சிரித்தது. பையன் சிரிக்கவில்லை. "17 ரன் வரைக்கும் தோக்கலாம் தாத்தா" என்றான். சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டார். யாரோ நிலத்துக்கு விலை சொன்ன மாதிரி அந்த எண்ணை மனத்தில் வாங்கி வைத்துக்கொண்டார் என்று தோன்றியது. பிறகு, "அது சரி, இதுல நம்ம பக்கத்துப் பையன் எவன்?" என்று கேட்டார். அதற்கு மட்டும் கொஞ்சம் மௌனம் நிலவியது. சென்னைக்கு ஆடுகிற பதினொரு பேரில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. சென்னைப் பிள்ளையான தினேஷ் கார்த்திக் ஆடுவது பெங்களூருக்கு. பெங்களூர் தலைவர் டு பிளெஸ்ஸியோ பல வருஷம் சென்னையின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, 2021 இறுதி ஆட்டத்தில் 86 ரன் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவர். "சம்பந்திச் சண்டை மாதிரின்னு சொல்லு" என்று சித்தப்பா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இந்தச் சம்பந்திச் சண்டை இன்று நேற்றையது அல்ல. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே சென்னைக்கும் மைசூருக்கும்தான். 1934-ஆம் வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் தொடங்கி அன்றைக்கே முடிந்துவிட்டது, சென்னை ஜெயித்தது. நான் சிறுவனாயிருந்தபோது தென் மண்டலத்திலிருந்து யார் மேலே போவது என்று ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு பெரியவர்கள் போட்ட கணக்குகளெல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. வெங்கட்ராகவனும் பிரசன்னாவும் சந்திரசேகரும் பந்து போட்ட காலம். அன்றைக்கும் இதே பேச்சுத்தான், திண்ணையும் இதேதான். தசம புள்ளிதான் புதுசு.

வெயில் தாழ்ந்த பிறகு பையனை அழைத்துக்கொண்டு வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் நடந்தேன். பிரசங்கத்துக்கு அதுதான் தக்க இடம் என்று நினைத்தேன். உத்திரமேரூருக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறதென்றால் அந்தக் கோயில் சுவரால்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுக்கள். ஊர் வாரியங்களுக்கு யார் யார் தகுதி, யார் யாருக்குத் தகுதி இல்லை என்று விவரமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பையன் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டான்.

"வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள. வரி கட்டற நிலம் கால் வேலிக்கு மேல. சொந்த மனையில வீடு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவனுக்குத் தகுதி இல்லே. அவனோட சொந்தக்காரனுக்கும் இல்லே. 30 குடும்பு. ஓலையில பேரெழுதிக் குடத்துல போட்டு, ஒண்ணும் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லணும். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர்."

"பரவாயில்லையே! ஊர்ப் பெருமையெல்லாம் மனப்பாடமா இருக்கே!" என்றேன்.

"பெருமை இல்லே பெரியப்பா, இது பரீட்சைக்கு வர்ற பாடம்" என்றான். கொஞ்சம் நின்று, "பராந்தகன் காலத்துலேர்ந்தே நம்ம ஊர்ல தகுதிக் கணக்குதான்" என்று சொல்லிச் சிரித்தான்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தகுதியையெல்லாம் அவ்வளவு கண்டிப்பாக வகுத்தவர்கள், கடைசியில் ஏன் ஒரு குழந்தையின் கையை நம்பினார்கள்? தகுதி உள்ளவர்கள் பலர் இருப்பார்கள். இடம் சில இருக்கும். அதற்கு மேல் நியாயமாகப் பிரிக்க மனிதனுக்கு வழி தெரியாது என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் போலிருக்கிறது. இப்போது குழந்தைக்குப் பதிலாகத் தசம புள்ளியை வைத்திருக்கிறோம். ஒரே ஒரு கேள்வியில் தவறிய பையன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பிரசங்கத்தில் முதல் வாக்கியம் எனக்கு மறந்துபோயிற்று. "ஆட்டத்துக்கு நேரமாச்சு பெரியப்பா" என்றான். திரும்பிவிட்டோம்.

டெலிவிஷனைத் திண்ணைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தெருவில் பாய் விரித்துக் குழந்தைகளும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று ஓவர் முடிந்ததும் பெங்களூரில் மழை பிடித்துக்கொண்டது. தெருவே கை கூப்பியது. மழைக்கு வேண்டிக்கொள்வது எங்கள் ஊருக்குப் பழகிய காரியம். மேற்கே, கர்நாடகத்தில் பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்வதும் பழக்கம்தான். எங்கள் பாலாறு பிறப்பதே நந்தி மலையில் அல்லவா? ஆனால் வேண்டிக்கொண்டபோது எப்போதும் ஆனது போலவே அன்றும் ஆயிற்று. கொஞ்ச நேரம் பெய்தது, நின்றுவிட்டது.

பெங்களூர் 20 ஓவரில் 218 ரன் எடுத்தது. பையன் காலண்டர் தாளில் இரண்டு எண்களை எழுதிக் கோடு போட்டான். ஜெயிக்க 219, பிழைக்க 201.

சென்னையின் முதல் பந்திலேயே தலைவர் ருதுராஜ் அவுட். தையற்கடைக்காரருக்குக் கூடக் கேள்வி எழவில்லை. பிறகு ரச்சின் ரவீந்திரா 61 ரன் அடித்து உயிர் கொடுத்தார். அவரும் ரன் அவுட் ஆனார். டு பிளெஸ்ஸி ஒரு கையால் எம்பிப் பிடித்த காட்சில் சான்ட்னர் போனபோது ஸ்கோர் 129. ஆறு விக்கெட் போயிருந்தது. பதினைந்து ஓவர் ஆகியிருந்தது. தோனியும் ஜடேஜாவும் சேர்ந்தார்கள்.

இங்கேதான் ஒரு மாறுதலைக் கவனித்தேன். அதற்கு அப்புறம் யாரும் 219 என்ற எண்ணை வாயால் சொல்லவில்லை. எந்தக் கோஷ்டி ஜெயிக்கும் என்ற கேள்வி எங்கோ போய்விட்டது. "இப்ப எவ்வளவு வேணும்?" என்று சித்தப்பா கேட்டார். "ஜெயிக்கவா, பிழைக்கவா தாத்தா?" என்றான் பையன். "பிழைக்க" என்றார். தெரு முழுவதும் தன் கோஷ்டி அழகாகத் தோற்க வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெளியூர்க்காரன் ஒருவன் அந்த வழியே போயிருந்தால் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பான்.

கடைசி ஓவர். பிழைக்க 17 ரன் வேண்டும். பந்து போட வந்தவர் யஷ் தயாள். முதல் பந்தைத் தோனி அடித்தார். அது மைதானத்துக்கு வெளியிலேயே போய்விட்டது. எங்கள் தெருவில் எழுந்த சத்தத்தில் நாய்கள் குரைத்தன. இனி ஐந்து பந்தில் 11. போன பந்து திரும்பி வராததால் வேறு பந்து கொடுத்தார்கள். முன்னதோ மழையிலும் பனியிலும் நனைந்து வழுக்கிக்கொண்டிருந்தது. புதிதாக வந்ததோ உலர்ந்தது. தோனி அதை வெளியே அடித்ததுதான் எங்களுக்கு நன்மையாயிற்று என்று ஆட்டம் முடிந்த பிறகு தினேஷ் கார்த்திக்கே சொன்னார். நாங்கள் துள்ளிக் குதித்த அந்த சிக்ஸரில் எங்கள் தோல்வியும் ஒளிந்திருந்தது. இரண்டாவது பந்தில் தோனி எல்லையருகே காட்ச் கொடுத்து அவுட். மூன்றாவதில் ரன் இல்லை. நாலாவதில் ஒன்று.

இரண்டு பந்து, 10 ரன். எதிரே ஜடேஜா.

"பெரியப்பா!" என்று பையன் என் கையைப் பிடித்தான். "போன வருஷம் பைனல்ல இதே ஜடேஜா. இதே ரெண்டு பந்து. இதே 10 ரன்!" உண்மைதான். 2023 மே மாதம் ஆமதாபாத்தில் குஜராத்துக்கு எதிராக, நள்ளிரவு தாண்டிய வேளையில், ஒரு சிக்ஸரும் ஒரு பௌண்டரியும் அடித்து அவர் கோப்பை வாங்கித் தந்தார். அதே மனிதர், அதே எண்கள். அன்றைக்கு ஐந்தாவது பந்து மட்டையில் படவில்லை. ஆறாவதும் படவில்லை. சென்னை 191. தோல்வி 27 ரன்னில். கடைசிக் கணக்கில் பெங்களூர் 0.459, சென்னை 0.392.

கணக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்லும். வருமா என்று சொல்லாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயந்தான். இருந்தாலும் அந்த நிமிஷத்தில் பையன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அது புதிதாகத் தெரிந்தது.

கூட்டம் கலைந்தது. தையற்கடைக்காரர், "அடுத்த வருஷம் இல்லையா?" என்று கேள்வி ஒன்றை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர் தபால்காரர்தான். கண் கலங்கியிருந்தது. காலையிலிருந்து தோற்கும் தோற்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்! குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரி அவர் அவநம்பிக்கையை வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அங்கே கூடியிருந்தவர்களில் எல்லோரையும் விட அதிகமாக நம்பியவர் அவர்தான்.

திண்ணையில் சித்தப்பாவும் தம்பியும் நானும் மிஞ்சினோம். பையன் டெலிவிஷன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். தம்பி என்னைப் பார்த்தான். பேச்சை எடு என்று அர்த்தம். நான் தொண்டையைக் கனைத்தேன். ஆனால் பேசியவர் சித்தப்பா.

"ஒரு வருஷம் மழை பொய்ச்சுப் போச்சு. ஏரியில பாதித் தண்ணிகூட இல்லே. நாலு காணி நட்டுட்டேன். ரெண்டு காணியக் காய விட்டேன். உங்க அப்பன் கூட என்னைத் திட்டினான், உசுரு இருக்கற பயிரைக் காய விடறியேன்னு. நாலையும் காப்பாத்தப் பாத்தவன் நாலையும் விட்டான். நான் ரெண்டுல அறுத்தேன், வீட்டுக்கு நெல்லு வந்துது, விதைக்கும் வந்துது. எவ்வளவு போனாலும் பரவாயில்லேன்னு தெரிஞ்சாத்தான் எதை விடறதுன்னு தெரியும்." பிறகு தம்பியைப் பார்த்து, "இவன் பரீட்சைய எழுதிட்டுப் போனா நமக்கு எவ்வளவுடா போவும்?" என்று கேட்டார்.

தம்பி கொஞ்சம் தயங்கினான். "இந்த வேலை போயிடும். வேற ஒரு கம்பெனி இருக்குது. ஜூன் 10-ஆம் தேதி ஆள் எடுக்கறாங்களாம். மாசம் ஆயிரத்தைந்நூறு ரூபா குறைச்சல்."

"எழுதாமப் போனா?"

தம்பி பதில் சொல்லவில்லை. ஒயர் சுற்றுகிற சத்தம் நின்றிருந்தது.

"ஆயிரத்தைந்நூறு தோக்கலாம்டா. அது பதினேழுக்குள்ளதான் இருக்கு" என்றார் சித்தப்பா. எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே நான் கிளம்பிவிட்டேன். என் பிரசங்கம் உருக்கமும் உவமானமும் குட்டிக் கதையுமாக அப்படியே என்னோடு திரும்பி வந்தது. பஸ் ஸ்டாண்டு வரை பையன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். முந்தின நாள் காலண்டர் தாளைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். "அதை எதுக்குடா வெச்சிருக்கே?" என்று கேட்டேன். "பின்பக்கம் இன்னும் கொஞ்சம் எடம் இருக்கு பெரியப்பா. கணக்குப் போட ஆகும்" என்றான்.

ஜூன் 9-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பரீட்சை எழுதினான். 10-ஆம் தேதி திங்கட்கிழமை விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினான். பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் எழுதுகிற நாவலாயிருந்தால் தேறியிருப்பான். தேறவில்லை. "இந்தத் தடவை ஒரு கேள்வி இல்லே பெரியப்பா, நிறையக் கேள்வி" என்று டெலிபோனில் சிரித்தான். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருந்தது. ஆனால் எழுதாமலே விட்டவனுடைய வருத்தம் அல்ல. இப்போதும் கம்பெனி பஸ்ஸில் மடியில் புத்தகம் வைத்திருக்கிறானாம். பாதி வழியில் தூங்கிவிடுகிறானாம். தம்பி இதைக் குறையாகத்தான் சொன்னான்; குரலில் மட்டும் குறை இல்லை.

பெங்களூர் அந்த 2024-ஆம் வருஷம் அடுத்த ஆட்டத்திலேயே ராஜஸ்தானிடம் தோற்று வீட்டுக்குப் போய்விட்டது. தபால்காரர் சொன்ன பசி அடுத்த வருஷம்தான் தீர்ந்தது: 2025 ஜூன் 3-ஆம் தேதி முதல் தடவையாகக் கோப்பையை வாங்கினார்கள். சென்னைக்கு அந்த வருஷம் எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை. ஏப்ரல் மாதம் முடிவதற்குள்ளேயே வாய்ப்பு அற்றுப்போயிற்று. 10 கோஷ்டியில் 10-ஆவது இடம்.

அந்த ஏப்ரல் கடைசியில் சித்தப்பாவோடு டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு, ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்த பேரனிடம், "ஏன்டா, இந்த வருஷம் எவ்வளவு தோத்தாப் போதும்?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

"இந்த வருஷம் முழுக்கவே போயிடுச்சு தாத்தா" என்றான் பையன்.

"சரி, அடுத்த போகம் பாக்கலாம்" என்றார் சித்தப்பா. பிறகு என்னிடம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்.